கடல் கடந்த கசப்பு

கொல்கத்தா வாழ் தமிழர்க்குக் கார்டன் ரீச் என்றதும் நினைவில் எழுவது தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகமே. பழைய வங்காள நாகபுரி இரயில்வேயின் காலந்தொட்டுத் தென்னாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறளித்த இடம் அது. ஆயின், இரயில் வருமுன்னரே அவ்வாற்றங்கரை உலக வாணிகத்தில் இடம்பெற்றிருந்தது. அதன் வரலாற்றில் ஒரு சிறு கூற்றை, ஆங்கிலேயரின் பீர் இங்கு வந்த கதையை, ஈண்டுக் காண்போம். மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஒரு பண்டம் கடல் கடக்கும்போது என்னாகிறது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

‘ரீச்’ என்பது ஆற்றின் இரு வளைவுகளுக்கு இடையே நேராக ஓடும் நீர்ப்பரப்பு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினியார் ஊக்ளியின் கிழக்குக் கரையில் தோட்ட மாளிகைகளை எழுப்பினர். பெயர் அதனால் வந்தது. பெருங்கப்பல்கள் கீழே டயமண்ட் துறைமுகத்தருகே நங்கூரமிடும். சரக்குகள் சிறு கலங்களில் ஏறி, இம்மாளிகைகளைக் கடந்து நகரை அடையும். அச்சரக்குகளில் பீர்ப் பீப்பாய்களும் இருந்தன. 1784ஆம் ஆண்டிலேயே ‘கல்கத்தா கெஜட்’ இதழில் இலண்டன் போர்ட்டர் என்னும் கரும்பீருக்கும், வெளிர் ஏலுக்கும் விளம்பரம் வந்துள்ளது.

இந்தியாவின் வெப்பத்தைத் தாங்கவேண்டி ஹாட்ஜ்சன் என்பவர் புதியதொரு பீரைக் கண்டுபிடித்தார் என்றும், அதுவே ‘இந்தியா பேல் ஏல்’ என்றும் பலரும் கூறுவர். ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் கசப்புமிக்க ஹாப் பூவை மிகுதியாகச் சேர்த்தால் அது கெடாது என்பது 1760களிலேயே ஆலையார் அறிந்த செய்தி. ஜார்ஜ் ஹாட்ஜ்சன் பெற்ற வாய்ப்பு வேறு. 1752இல் அவர் தொடங்கிய ஆலை, கும்பினிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறைக்கு அண்மையில் இருந்தது. கப்பல் தலைவர்க்குச் சொந்த வாணிகம் செய்யும் உரிமை உண்டு. அவர்களுக்கு அவர் நெடுநாள் கடன் கொடுத்தார். நான்கைந்து திங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, அலையில் ஆடியும் வெப்பத்தில் வெதும்பியும் வந்த பீர், நிலவறையில் நெடுங்காலம் கிடந்ததுபோல் விரைவிலேயே முதிர்ந்து இன்சுவை பெற்றது. அச்சுவையில் ஹாட்ஜ்சனின் கைத்திறனோடு கடலுக்கும் பங்குண்டு.

பின்வந்தோர் கடனை நிறுத்தி விலையையும் உயர்த்தவே, கும்பினி இயக்குநர் ஒருவர் 1822இல் பர்ட்டன் நகரத்துச் சாமுவேல் ஆல்சாப்பை நாடினார். ஜிப்சம் கலந்த அவ்வூர்க் கிணற்று நீர் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. ஆல்சாப், பாஸ் ஆகியோரின் பீர் விரைவில் கல்கத்தாச் சந்தையைக் கைப்பற்றியது. ‘ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்’ என்ற பெயரோ, கிடைத்துள்ள சான்றுகளின்படி, 1829இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர்ச் செய்தித்தாளில்தான் முதலில் தோன்றுகிறது. நம் நாட்டின் பெயரைத் தாங்கிய பண்டத்திற்கு அப்பெயர் வேற்று மண்ணில் வழங்கியது வியப்பே.

கல்கத்தாவில் பீரைக் குளிர்விக்க ‘ஆப்தார்’ எனும் பணியாளர் வெடியுப்புக் கரைத்த நீரில் புட்டிகளைச் சுழற்றுவர். 1833இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் பனிக்கட்டியைக் கொண்டுவந்து சேர்த்தது. அதே வாணிகத்துக்காக 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்ததே ஐஸ்ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இக்கதை தமிழர்க்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் பருகி வாழ்கவென நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவதைப் புறநானூற்றில் காண்கிறோம். நிலத்துள் புதைத்து முதிர்வித்த தேறலைக் கபிலர் பாரியின் நாட்டில் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையோ செய்முறையையே விளக்குகிறது: அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லை இடித்துக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் வைத்துப் பிழிவர். ஆங்கிலேயர் பார்லியை முளைகட்டிச் செய்ததை நம்மவர் நெல்லில் செய்தனர்.

இலண்டன் சென்றிருந்தபோது நண்பர் ஒருவர் பழைய விடுதிக்கு நம்மை அழைத்துச் சென்றார். வாயுவை ஏற்றாமல், பீப்பாயிலேயே நொதித்து, கைப்பம்பினால் இறைக்கப்படும் மரபுவழி ஏல் அங்குக் கிடைத்தது. இம்முறை அழியாது காக்க 1971இல் நுகர்வோர் இயக்கமே தோன்றிற்று என்றார் அவர். அரைக் குவளை சுவைத்தோம். பனிக்கட்டியின் குளிர்ச்சி இல்லை. நிலவறையின் தண்மை மட்டுமே. முதலில் முளைதானியத்தின் மெல்லிய இனிப்பு. பின்னர் நாவில் நெடுநேரம் தங்கும் கசப்பு. சித்திரைப் புத்தாண்டன்று அன்னையார் அளிக்கும் வேப்பம்பூப் பச்சடியே நம் நினைவுக்கு வந்தது.

உடன் மற்றொன்றும் நினைவில் எழுந்தது. பீப்பாய்கள் ஏறிவந்த அதே ஊக்ளி வழியாகவே 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் மொரீசியசுக்கும், பின்னர் திரினிடாடு, கயானா, சூரினாம், பிஜி ஆகிய நாடுகளுக்கும் இறங்கிச் சென்றனர். அவர்களை அடைத்துவைத்த கூடங்களும் கார்டன் ரீச்சில் இருந்தன. சென்னைத் துறையிலிருந்து நம் தமிழரும் அவ்வாறே ஏற்றப்பட்டனர். கடற்பயணம் பீருக்குச் சுவை கூட்டியது. மனிதரில் பலர் அப்பயணத்திலேயே மடிந்தனர். எஞ்சியோரிற் பலர் மீளவேயில்லை.

அயல்நாட்டுக் கடைகளில் ‘ஐ.பி.ஏ.’ என்ற எழுத்துகளைக் கண்டு, ‘இதில் இந்தியா எங்கே வந்தது?’ என்று நம் பிள்ளைகள் கேட்பராயின், பீப்பாய்கள் வந்த கதையோடு நிறுத்திவிடலாகாது. அவ்வழியே சென்ற மக்களின் கதையையும் சேர்த்தே சொல்லுதல் நம் கடன்.