தடி, பொடி, மக்கல்: சித்தூர் எல்லைப் பகுதியில் சூழல் கல்வியின் சொல் வரலாறு

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் வட்டங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நகரி, குப்பம் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழர் ஆந்திரப் பக்கத்திலேயே தங்கினர். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்விருமொழி நிலத்தில், சுற்றுச்சூழலைக் காக்கும் அன்றாடப் பழக்கங்கள் சிறுவர்க்கு எச்சொற்களால் உணர்த்தப்பட்டு வருகின்றன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, சூழல் உணர்வு குழந்தைப் பருவத்திலிருந்தே ஊட்டப்பட வேண்டும் என்றது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கப் பணித்தது. 2003இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. ஆணை ஒன்றே, பெயர்கள் வேறு. ஆந்திரத்தில் 'பரிசரால விஞ்ஞானம்' என்றனர். தமிழ்நாட்டில் 'சூழ்நிலையியல்' என்றனர். முன்னது கண்முன் உள்ள சுற்றுப்புறத்தைப் பன்மையில் சுட்டுவது. பின்னதிலுள்ள 'சூழ்நிலை' என்பதோ, 'இன்றைய அரசியல் சூழ்நிலை' என்னும்போது இடத்தையே விட்டு அகன்றுவிடும் சொல். ஆறு வயதுக் குழந்தைக்கு முன்னதே எளிது என்பது என் கருத்து.

ஆயினும் இப்பகுதியில் நடந்த குறிப்பிடத்தக்க முயற்சி, ஆணைகளால் விளைந்ததன்று. அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்திலிருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி தோற்றுவித்த ரிஷிவேலிப் பள்ளியினர், வறண்ட குன்றுகளில் மரம் வளர்த்ததோடு, சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளையும் நிறுவினர். அங்குப் பாடநூலுக்கு மாற்றாகத் தெலுங்குக் கற்றல் அட்டைகள் இருந்தன. குழந்தை ஓர் ஏணியில் ஏறுவதுபோல் தன் வேகத்தில் அவற்றைக் கடந்து செல்லும். சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் 2003 அளவில் அங்குச் சென்று இம்முறையைப் பயின்றனர். 'செயல்வழிக் கற்றல்' என்னும் பெயரில் 2007–08இல் அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. தெலுங்குக் கிராமத்தில் உருவான ஒரு முறை ஆங்கிலத்தின் வழியன்றி நேரே தமிழ் வகுப்பறைக்குள் வந்தது, மொழிபெயர்ப்பு வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

பழக்கத்தைக் கற்பிக்கும் அட்டையில் வினைமுற்றே முதன்மை பெறுகிறது. தெலுங்கில் 'சேத்தாம்' என்பது அழைப்பு. 'சேஸ்தாம்' என்பது கூற்று. தமிழில் 'செய்வோம்' என்பதொன்றே இரண்டுக்கும் நிற்கும். 'குழாயை மூடுவோம்' என்று படிக்கும் குழந்தை பிறரை அழைக்கிறதா, தன் வழக்கத்தைச் சொல்கிறதா என்பது இடம் நோக்கியே தெளியும். இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அழைப்பே வழக்கமாகிவிடும் வாய்ப்பு அதிலுண்டு. மாறாக, ஆங்கிலத்தை ஒட்டி எழுதப்பட்ட பாடங்களில் 'நாம் நீரைச் சேமிக்க வேண்டும்' என்னும் வாய்பாடே மிகுதி. அது கட்டளையுமன்று, அழைப்புமன்று.

குப்பையைப் பற்றிய சொற்களிலேதான் இடர்ப்பாடு பெரிது. தெலுங்கில் 'குப்ப' என்பது குவியல். அறுத்த கதிர்க் குவியலும் அதுவே. தமிழ்க் 'குப்பை'யோ கழிவு; ஆனால் உழவர் வழக்கில் வயலுக்கு வண்டியில் அடிக்கும் எருவும் குப்பைதான். கழிவுக்குத் தெலுங்கர் வழங்கும் 'செத்த' என்பதன் இனச்சொல்லாகிய 'செத்தை' தமிழில் காய்ந்த சருகோடு நின்றுவிடுகிறது. 2014இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபின் ஊர்தோறும் இருவகைத் தொட்டிகள் பரவலாயின. தெலுங்கில் அவை 'தடி செத்த' (ஈரக் கழிவு), 'பொடி செத்த' (உலர் கழிவு). இவற்றைத் தமிழ்க் காது கொண்டு கேட்கும் நகரிக் குழந்தைக்குத் தடி கோலாகவும், பொடி தூளாகவும், செத்தை சருகாகவும் தோன்றக்கூடும். ஒலி ஒத்தும் பொருள் மாறும் சொற்களுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை வகுப்பறையில் காண்பது அரிது.

சொல் மயக்கம் ஒரு நாளில் தீரும்; பகுப்பு மயக்கம் தீராது. தமிழ்நாட்டுத் தொட்டிகள் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' எனப் பிரிப்பவை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் மக்குதலையே அடிப்படையாகக் கொண்டன. 'தடி', 'பொடி' என்னும் பிரிவு கையால் தொட்டறிவது. மக்குதலோ காத்திருந்து அறிவது. உலர்ந்த மாவிலைத் தோரணம் சொல்லின்படி 'பொடி'. ஆனால் அது சேர வேண்டிய இடம் உரக்குழி. உண்டெழுந்த வாழையிலை காலையில் 'தடி', மறுநாள் வெயிலில் 'பொடி'. தமிழில் இருநாளும் மக்குவதே. 'பொடி செத்த' என்பதை 'மக்காத குப்பை' என்று பெயர்த்தால் தோரணம் நெகிழிப் பையோடு சேர்ந்துவிடும். 'உலர் குப்பை' என்று பெயர்த்தால் எல்லைக்கு அப்பால் உள்ள தமிழ்ப் பாடநூலோடு முரணும். எல்லைப் பள்ளிகளுக்கான அட்டைகளில் பொருளின் படத்தோடு அது சேரும் குழியின் படத்தையும் வரைந்து, அதன்பின் இருமொழிப் பெயர்களை எழுதுவதே தக்கது என எண்ணுகிறேன். அப்போதும் உட்புறம் நெகிழி பூசிய தாள் தேநீர்க் குவளை எஞ்சி நிற்கிறது. தொட்டால் தாள், முழுதும் மக்காது. அதற்கு இரு மொழியிலும் இன்னும் தனிப்பெயரில்லை.