இசைக்கருவிப் பணிமேசை விரிப்பு

இசைக்கருவிப் பணிமேசை விரிப்பு என்பது கிதார், வீணை முதலிய நரம்பிசைக் கருவிகளைச் செய்யும்போதும் பழுது பார்க்கும்போதும் அவற்றில் கீறலோ பள்ளமோ விழாமல் காக்க, மேசைமீது இடப்படும் மென்மையான விரிப்பு ஆகும்.

பொருள் தேர்வு

கிதாரின் மேற்பலகைக்குப் பெரிதும் பயன்படும் ஸ்புரூஸ் மென்மையான மரமாகும். மேசையில் கிடக்கும் சிறு மரச்சீவலும் அழுந்தினால் அதில் தழும்பை ஏற்படுத்தும். எனவே உலோகத் துகள்கள் சிக்கிக்கொள்ளும் தடித்த கம்பளத்தை விட, எளிதில் உதறக்கூடிய பருத்தித் துணி அல்லது துடைக்கக்கூடிய தக்கை ஏற்றது.

விரிப்பின் வேதியியல் தன்மையும் முக்கியமானது. நைட்ரோசெல்லுலோசு லாக்கர் பூசிய கருவி பிவிசி விரிப்பின்மீது நெடுநேரம் கிடந்தால், அதிலுள்ள நெகிழியாக்கிகள் பூச்சினுள் ஊடுருவி அதை இளகச் செய்யும். சிலவகை இரப்பர்களும் பூச்சைக் கறைப்படுத்தும். இச்சேதத்தைப் பெரும்பாலும் துடைத்து நீக்க இயலாது. பூச்சையே புதுப்பிக்க நேரிடலாம். ஆகவே இத்தகைய கருவிகளுக்குச் சாயமேற்றாத பருத்தித் துணியோ கம்பளித் துணியோ பாதுகாப்பானது.

வீணை

2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் செய்யப்படுகிறது. அதன் குடம் உருண்டையானது என்பதால் தட்டையான விரிப்பு மட்டும் போதாது. சும்மாடு போல வளையமாகச் சுருட்டிய துணியின்மேல் குடத்தை வைத்தால் அது உருளாமல் நிற்கும்.