ஓடும் சைக்கிளில் தூங்கியவர்கள்



நம் பழைய மாணவர்களில் சிலர் இப்போது 200, 300, 600 கிலோமீட்டர் என்று இரவு பகலாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதற்கு ப்ரெவே என்று பெயராம். அவர்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், கால் வலிகூட தாங்கிடலாம். விடியக்காலம் மூணு மணிக்குக் கண்ணு தானா சொக்குது பாருங்க, அதைத்தான் ஒண்ணும் பண்ண முடியல. அந்தக் காலத்து ஆளுங்களுக்கும் இப்படி இருந்துச்சா?"

இருந்தது தம்பி. நெடுந்தூரச் சைக்கிள் பந்தயத்தின் சரித்திரத்தில் பாதி, தூக்கத்தோடு நடந்த சண்டைதான். போனில் சொல்லி முடியாது என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1891 செப்டம்பர் 6. பாரிஸிலிருந்து அட்லாண்டிக் கரையில் உள்ள ப்ரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்ப வேண்டும், சுமார் 1,200 கிலோமீட்டர். பந்தயத்தை நடத்தியது ஒரு செய்தித்தாள். அதன் ஆசிரியர் பியர் ஜிஃபார் சைக்கிள் பித்தர். காற்றடைத்த டயர் புழக்கத்துக்கு வந்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடித்தார்கள்.

ப்ரெஸ்டில் திரும்பும்போது முன்னால் இருந்தவர் ஜியெல் லவால். அவருக்குப் பின்னால் ஷார்ல் தெரோன். திரும்பும் வழியில் ஓர் ஊரில் லவால் கொஞ்சம் படுத்தார். அவர் தூங்குவது தெரிந்ததும் தெரோன் சத்தம் காட்டாமல் கடந்து போய்விட்டார். நீங்கள் மூன்றாம் வகுப்பில் படித்த ஆமை முயல் கதை நினைவுக்கு வரும். பாவம், லவால் சோம்பேறி முயல் அல்ல. மனிதன் தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கினார், அவ்வளவுதான். தெரோன் 71 மணி 22 நிமிடத்தில், தூங்காமலே பாரிஸ் வந்து சேர்ந்தார். லவால் வந்தது ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்து. ஊரே கொண்டாடியது. தூங்காதவனே வீரன் என்ற எண்ணம் சைக்கிள் உலகில் அப்படித்தான் ஊன்றிக்கொண்டது.

அந்த எண்ணம் எங்கே போய் நின்றது என்று பார்க்க நியூயார்க்குக்குப் போக வேண்டும். அங்கே மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குள் ஆறு நாள் பந்தயம் நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கூடாது என்பதால் ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் ஆரம்பித்து சனிக்கிழமை இரவு வரை. யார் அதிகச் சுற்று ஓட்டுகிறாரோ அவருக்குப் பரிசு. தூங்கலாம், தடையில்லை. ஆனால் நீங்கள் தூங்கும்போது அடுத்தவர் சுற்றிக்கொண்டிருப்பார். 1896-ல் வென்ற டெடி ஹேல் 1,910 மைல் ஓட்டினார். நம் கணக்கில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். கோகைன், ஸ்ட்ரிக்னைன் போன்றவற்றைக் கொடுத்தெல்லாம் ஓட்டக்காரர்களை விழித்திருக்க வைத்த காலம் அது.

அதே பந்தயத்தில் மேஜர் டெய்லர் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞரும் ஓட்டினார். தொழில்முறை ஓட்டக்காரராக அவருக்கு அதுதான் தொடக்கம். ஒரு கட்டத்தில் அவர் மேலே ஓட்ட மறுத்தார். கையில் கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்துகிறான் என்றார். யாரும் துரத்தவில்லை. தூக்கம் கெட்ட மூளை, விழித்திருக்கும்போதே கனவு காண ஆரம்பித்துவிட்டது. அப்படியும் 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தார். 1899-ல் உலகச் சாம்பியனும் ஆனார். நிற வெறி நிறைந்த அந்தக் காலத்தில் அவர் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எனக்கு உறுத்துவது இதுதான்: கட்டணம் கொடுத்து உள்ளே வந்த கூட்டம், மனிதர்கள் தூங்கி விழுவதை ஒரு காட்சியாகப் பார்த்தது. நல்ல வேளையாக, பத்திரிகைகள் கண்டித்து எழுதின. ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. அமைப்பாளர்கள் விடுவார்களா? இரண்டு பேரை ஓர் அணியாக்கினார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் ஓய்வெடுக்க, அரங்கம் 24 மணி நேரமும் ஓடியது. வியாபார மூளைதான். ஆனால் விளைவைப் பாருங்கள். 1897-ல் தனியாக ஓட்டி வென்ற சார்லஸ் மில்லர் 2,093 மைல் ஓட்டினார். 1899-ல் அதே மில்லர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஓட்டியபோது 2,700 மைலைத் தாண்டினார். இன்றைக்கும் ஒலிம்பிக்கில் இருவர் மாறி மாறி ஓட்டும் பந்தயத்துக்கு 'மாடிசன்' என்று பெயர். டிவியில் பார்க்கும்போது, அது மனிதனைத் தூங்க விடச் சொன்ன ஒரு சட்டத்திலிருந்து பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி, கண் ஏன் திடீரென்று சொக்குகிறது? நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது ஏற ஏறத் தூக்கத்தின் அழுத்தமும் ஏறும். இதற்கு மேல் உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிக்குள் அது நம்மை மிகவும் கீழே இழுக்கும். மதியம் ஒரு சின்னச் சரிவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் உங்களில் யார் யார் கடைசி பெஞ்சில் சாய்ந்தீர்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, பயப்படாதீர்கள்.

காபி அந்த அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறதே தவிர, சேர்ந்த பாரத்தைக் குறைப்பதில்லை. முகத்தில் தண்ணீர் அடிப்பதும் சில நிமிட வேலைதான். பாரம் மிஞ்சும்போது மூளை நம்மைக் கேட்காமலே சில விநாடிகள் அணைந்துவிடும். கண் திறந்தே இருக்கலாம். தூங்கினோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி என்றால் 22 மீட்டர். அந்த 22 மீட்டரில் லாரி இருக்கலாம், பள்ளம் இருக்கலாம்.

அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டும் பந்தயம் 1982-ல் நான்கே பேரோடு தொடங்கியது. அவர்களில் ஒருவர் மைக்கேல் ஷெர்மர். அடுத்த ஆண்டு, 83 மணி நேரம் தூங்காமல் ஓட்டி நெப்ராஸ்கா மாநிலத்துக்குள் வந்தவர், பின்னால் வந்த தன்னுடைய உதவிக் குழுவையே வேற்றுக்கிரகவாசிகள் என்று நம்பிவிட்டார். வண்டியின் விளக்கு விண்கலமாகத் தெரிந்தது. உண்மையான மெக்கானிக்குக்கு மட்டுமே தெரிந்த சைக்கிள் நுட்பங்களைக் கேட்டு மெக்கானிக்கைச் சோதித்தாராம்! ஒன்றரை மணி நேரம் தூங்க வைத்தார்கள். எழுந்ததும் வேற்றுக்கிரகவாசிகளைக் காணோம். பேய், பறக்கும் தட்டு போன்ற நம்பிக்கைகளைக் கேள்வி கேட்கும் பத்திரிகையை அவர் பின்னாளில் நடத்தினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அதே பந்தயத்தை ஐந்து முறை வென்ற ஸ்லோவேனியா ராணுவ வீரர் யூரே ரோபிச், துப்பாக்கியோடு எதிரிகள் துரத்துவதைக் கண்டார். அவருடைய குழுவில் ஓர் ஏற்பாடு இருந்தது. எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்று எதையும் அவர் முடிவு செய்ய மாட்டார். குழுதான் முடிவு செய்யும். தூக்கம் கெடும்போது முதலில் கெடுவது, 'எனக்குத் தூக்கம் வருகிறதா' என்று எடைபோடும் புத்திதான். அதை அந்தக் குழு நன்றாகப் புரிந்துவைத்திருந்தது.

உங்களுக்கு அப்படிப் பின்தொடரும் குழு கிடையாது. ஆகவே பகல் வெளிச்சத்தில், தெளிவாக இருக்கும்போதே, எந்த இடத்தில் எத்தனை மணிக்குப் படுப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கண் சொக்கினால் 20 நிமிடம் போதும், பெட்ரோல் பங்க் ஓரமாகவாவது சாயுங்கள். ஒரே வரியை இரண்டு முறை படித்தும் புரியவில்லை, பத்து நிமிடம் முன்பு கடந்த ஊர் நினைவில் இல்லை என்றால் அப்போதே இறங்கிவிடுங்கள்.

பாரிஸ் – ப்ரெஸ்ட் இன்றும் நடக்கிறது, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. இப்போது அது பந்தயம் அல்ல. 90 மணி நேரத்துக்குள் முடித்தால் சரி. நம் நாட்டிலிருந்தும் போகிறார்கள். வழியில் உள்ள சோதனைச் சாவடிகளில் படுக்கை போட்டு வைத்திருக்கிறார்கள். சில யூரோ கொடுத்து, எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தால், உள்ளூர்த் தொண்டர் ஒருவர் சொன்ன நேரத்தில் வந்து தோளைத் தட்டி எழுப்பி விடுவார்.