உங்கள் போன் வெளிச்சம் உலோகத்தைக் கடந்து வருகிறது: எப்படி?

சென்னையிலிருந்து நாயுடுபேட்டைக்கு பஸ்ஸில் போகிறீர்கள். வெயில் ஏற ஏற, போன் பிரைட்னஸைக் கூட்டுகிறீர்கள். அது ஓஎல்இடி திரை என்றால், அந்த ஒளி ஓர் உலோகப் படலத்தைக் கடந்துதான் கண்ணுக்கு வருகிறது.

உலோகம் எதற்கு?

ஒளிரும் கரிமப் படலங்களுக்குள் எலக்ட்ரான்களை அனுப்புவது கேத்தோடு, அதாவது எதிர்மின்வாய். கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் இதற்கு மெக்னீசியம்-வெள்ளிக் கலவையைப் பயன்படுத்தினர். மெக்னீசியம் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுத்தரும். வெள்ளி அதற்கு உறுதி தரும். அப்போது ஒளி வந்தது கீழே இருந்த கண்ணாடி வழியாக.

ஏன் மேலே மாறியது?

போன் திரையில் பிக்சல்களுக்குக் கீழே டிரான்சிஸ்டர்கள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எனவே ஒளி மேலே வர வேண்டும். அங்கே இருப்பதோ கேத்தோடு! தீர்வு, அந்த உலோகத்தையே ஒளி புகும் அளவுக்கு, சுமார் 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனில் படியவைப்பது. தலைமுடி இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமன். இத்தகைய திரைகளை ஆராய சென்னை ஐஐடியில் தனி மையமே இருக்கிறது.

சிக்கல் என்ன?

படலம் தடித்தால் ஒளி குறையும். அதை ஈடுகட்ட பேட்டரி கரையும். ரொம்ப மெலிந்தால் மின்தடை ஏறும். பெரிய திரையின் நடுப்பகுதி மங்கலாம். ஈரம் உள்ளே புகுந்தால் கரும்புள்ளிதான். அதனால், திரையில் விரிசல் விழுந்தால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.