ஊர் நினைவும் ஊர் வரலாறும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், 1736ஆம் ஆண்டளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலை என்னும் நூலை இயற்றினார். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த இந்நூலுக்குக் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் நான்கும் ஆதாரமாயிருந்தன என்பர். இவற்றுள் பின்னிரண்டும் இன்று நமக்குக் கிடைத்தில. வைபவமாலையில் அரசரும் போர்களும் குடியேற்றங்களும் கோயில்களும் பேசப்படுகின்றன. ஆனால் அக்காலத்துக் குடியானவன் ஒருவன் எந்நேரத்தில் எழுந்து நீர் இறைத்தான், அவன் மனைவி சந்தையில் எதனை விற்று எதனை வாங்கினாள் என்று வினவினால், அந்நூலில் விடை காண்பது அரிது. புலவரைக் குறை கூறுதல் தகாது. அரசர் கதையே வரலாறு என்று எண்ணிய காலம் அது.

இதற்கு மாறான ஒரு நூலும் நம் நாட்டைப் பற்றி உண்டு. 1660ஆம் ஆண்டில் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட ஆங்கில மாலுமியான றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலங் கழித்தான். தப்பிச் சென்றபின் அவன் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. உழவு, சமையல், உடை, நோய், சாவு ஆகியவற்றைத் தான் கண்டவாறே அவன் குறித்து வைத்தமையால், அக்காலத்துக் கண்டிக் குடிகளின் வாழ்வை நாம் இன்றும் ஓரளவு அறிய முடிகின்றது. அவன் வரலாற்றாசிரியன் அல்லன். இருந்த இடத்தைக் கண்ணாரக் கண்டவன். ஊரைப் பற்றி எழுதுவதற்கு அத்தகுதியே முதன்மையானது.

அத்தகுதி நம்முள் ஒவ்வொருவருக்கும் உண்டு. எழுதும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாட் கிரியையின்போது கல்வெட்டுப் பாடும் மரபு நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கல்லில் வெட்டுவதன்று, தாளில் அச்சிட்டு உறவினர்க்கு வழங்கும் சிறு நூலே இப்பெயர் பெற்றது. ஊர்ச்சிறப்பு, மரபு, பெற்றோர், மணம், மக்கள், செய்த தொழில் ஆகியவற்றைப் பாட்டாகச் சொல்லி, இறந்த நாளைத் திதி வெண்பாவிற் பொறித்து, சுற்றத்தார் புலம்பலோடு முடிப்பர். பிற்காலத்தில் இவை உரைநடையும் நிழற்படமுஞ் சேர்ந்து நினைவு மலர்களாக வளர்ந்தன. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் இத்தகைய மலர்களையும் தேடிச் சேர்த்து வருகின்றது. ஓர் ஊரின் குடிவழியையும் தொழில்களையும் ஆராய்வோர்க்கு இவை அருஞ்சான்றுகள்.

எனினும் இவற்றுக்கு இரண்டு குறைகள் உள. ஒன்று, இறந்தவரைப் புகழ எழுந்தமையால் ஊரின் மேடு பள்ளங்கள் இவற்றில் வாரா. மற்றொன்று, அச்சிடப் பொருள் உள்ளவர் வீட்டிலேயே பெரும்பாலும் இவை பிறந்தன; தோட்டத்திற் கூலிக்கு நின்றவரின் வாழ்வு பதியப்படாமலே மறைந்தது.

இனியும் காலந் தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாகி, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் பலவந்தமாகத் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியிற் போர் நெருங்க, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். ஏடும் எரிந்தது, ஏட்டில் இல்லாததை நினைவில் வைத்திருந்தோரும் சிதறினர். அவர்களுட் பலர் இன்று முதியவர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிறந்து, ஊரின் பெயரை மட்டும் அறிந்தவராய் வளர்கின்றனர்.

ஆகவே நேயர்களே, ஒவ்வொருவரும் ஒரு பக்கமேனும் எழுதுங்கள். முழு வாழ்க்கையையும் எழுதப் புகுந்தவர் பெரும்பாலும் முன்னுரையோடு நின்றுவிடுவர். ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கடப்படலை, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி, வேலிக்குக் கதிகால் நட்ட நாள், கிடுகு பின்னிய முற்றம் என்றிவற்றுள் ஒன்று போதும்.

துலாவை எடுத்துக்கொண்டோமாயின், ஒருவர் துலாமீது ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் கிணற்றடியிற் பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். மூன்றாமவர் வாய்க்காலின் கடையில் நின்று பாத்தி மாறித் தண்ணீர் கட்டுவார். நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் இம்மூவர் வேலையை ஒருவரே செய்தார். உங்கள் தோட்டத்தில் அது எந்த ஆண்டில் வந்தது? மற்ற இருவரும் அதன்பின் எங்கே சென்றனர்? இவற்றுக்கு விடை எழுதினால், யாழ்ப்பாணத்து வேளாண்மையின் ஒரு பெருமாற்றத்துக்கு நீங்களே சான்றாவீர்கள்.

உண்மையை மறையாது எழுதுதல் வேண்டும். நன்னீர்க் கிணற்றைப் புகழ்வோர், அதில் அள்ளும் உரிமை எவர்க்கு மறுக்கப்பட்டது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் வேண்டி நின்றோர் இருந்தனர். தடுத்து நின்றோரும் இருந்தனர். இரு பக்கத்திலும் நின்றவர் தாம் கண்டதை ஒவ்வொரு பக்கம் எழுதி வைப்பாராயின், பின்வருவோர்க்கு அதனினும் பயனுள்ள வரலாறு வேறில்லை.

ஆண்டைக் குறியுங்கள், ஒழுங்கையின் பெயரைக் குறியுங்கள், கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறு பிரித்துச் சொல்லுங்கள். எழுதியதைப் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை நூலகத்திலும் வையுங்கள். ஒரே இடத்தில் இருந்த ஏடுகள் ஓர் இரவில் அழிந்ததைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் இறந்தபின் பிறர் நமக்குக் கல்வெட்டுப் பாடுவர். நம் ஊருக்குரிய கல்வெட்டை நாம் இருக்கும்போதே எழுதி வைப்போமாக.