தண்டுவடக் காயமும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும்

மூடிய அறையொன்றில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2 முதல் 3 மடங்கு அழுத்தத்தில், நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வதே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை ஆகும். ஓர் அமர்வு பொதுவாக 1 முதல் 2 மணி நேரம் நீடிக்கும். இயல்பான நிலையில் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைப் பெரும்பாலும் சிவப்பணுக்களே சுமக்கின்றன, 100 மி.லி. இரத்தத்தில் கரைந்த நிலையில் இருப்பது ஏறத்தாழ 0.3 மி.லி. மட்டுமே. 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது இவ்வளவு ஏறத்தாழ 6 மி.லி. ஆக உயர்கிறது.

தண்டுவடக் காயத்தில் இது ஏன் கருதப்படுகிறது?

விபத்திலோ உயரத்திலிருந்து விழுவதாலோ தண்டுவடம் நசுங்கும்போது, அந்நொடியில் அழியும் நரம்பணுக்களோடு பாதிப்பு நின்றுவிடுவதில்லை. அடுத்த சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை வீக்கமும் இரத்த ஓட்டக் குறைவும் அருகிலுள்ள திசுக்களையும் அழிக்கின்றன. இந்த இரண்டாம் கட்டச் சேதத்தைக் கூடுதல் ஆக்சிஜன் குறைக்கக்கூடும் என்னும் கருத்தில் 1970-களிலேயே ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளிடம் ஆய்வுகள் நடைபெற்றன. இக்கருத்து காயத்திற்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தைப் பற்றியதாகும். பல மாதங்களுக்கு முன் ஏற்பட்டு வடுவாகிவிட்ட காயத்திற்கு இது பொருந்தாது. எனினும் குடும்பங்கள் இச்சிகிச்சையை நாடுவது பெரும்பாலும் அந்நிலையில்தான்.

மனிதர்களில் விபத்துக் காயத்திற்கு இதன் பயன் உறுதிப்படுத்தப்படவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-இல் பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், இச்சிகிச்சையின் பயன் நிறுவப்படாத நிலைகளுள் தண்டுவடக் காயத்தையும் குறிப்பிட்டது. முழுமையற்ற காயங்களில் முதல் ஆண்டில் இயல்பாகவே ஓரளவு முன்னேற்றம் ஏற்படுவதுண்டு. அக்காலத்தில் எந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டாலும் முன்னேற்றம் அதனால் வந்ததாகவே தோன்றும். எனவே ஒருவர் விரலை அசைத்த காணொளியைச் சான்றாகக் கொள்ள இயலாது.

விதிவிலக்கு: மூழ்குவோரின் தண்டுவடப் பாதிப்பு

ஆழத்திலிருந்து விரைவாக மேலெழும்போது, உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கலாம். அழுத்தக் குறைவு நோய் எனப்படும் இந்நிலைக்கு உயர் அழுத்த ஆக்சிஜனே நிலைபெற்ற சிகிச்சை. அழுத்தம் குமிழிகளைச் சுருக்குகிறது, ஆக்சிஜன் நைட்ரஜனை வெளியேற்றுகிறது. கம்ப்ரசர் குழாய் வழியே சுவாசித்து நெடுநேரம் சங்கு குளிப்போருக்கு இந்த ஆபத்து உண்டு. கரையேறிய பின் கால் மரத்தல், நடை தளர்தல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அவரைப் படுக்க வைத்து, கிடைத்தால் தூய ஆக்சிஜன் அளித்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வலி நீங்கும் என்று மீண்டும் கடலில் மூழ்குவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாதுகாப்பு

காதுவலி, செவிப்பறைச் சேதம், தற்காலிகக் கிட்டப்பார்வை, அரிதாக வலிப்பு ஆகியவை ஏற்படலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து, அதற்குச் சிகிச்சை பெறாதவருக்கு இம்முறை கூடாது. விபத்தில் விலா எலும்பும் முறிந்தவர்களுக்கு இதை முதலில் ஆராய வேண்டும். சிறுநீர் வடிகுழாயின் பலூனிலும் கழுத்துச் சுவாசக் குழாயின் உறையிலும் காற்றுக்குப் பதிலாக நீர் நிரப்பப்பட வேண்டும். மார்பின் 6-ஆம் தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். எனவே உள்ளே செல்லுமுன் வடிகுழாய் அடைபடாமல் இருப்பதைச் சரிபார்த்தல் அவசியம். ஒரே நிலையில் கிடப்பதால் படுக்கைப்புண் வராதவாறு மெத்தையும் கவனிக்கப்பட வேண்டும்.

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளுமுன், தங்கள் நரம்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவரிடம் கலந்தாலோசியுங்கள். இது ஆய்வின் பகுதியா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, ஆய்வெனில் கட்டணம் ஏன் கேட்கப்படுகிறது என எழுத்து வடிவில் விளக்கம் பெறுங்கள். இதன்பொருட்டு இயன்முறைப் பயிற்சியையும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பையும் நிறுத்த வேண்டாம்.