வயர்லெஸ்ஸும் தொலைபேசியும் இணைந்த கதை

தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். வயர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்தினால்தான் பேச்சு. விட்டால்தான் மறுமுனை காதில் விழும். இரண்டையும் இணைக்க முயன்றவர்களுக்கு இந்த முறை மாற்றமே பெரிய தலைவலியாக இருந்தது.

டெக்சாஸ்காரரான தாமஸ் கார்ட்டர் 1959-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார்ட்டர்ஃபோன் இதற்கு ஒரு வழி கண்டது. வண்டியில் வயர்லெஸ்ஸோடு திரிபவரைத் தேடி போன் வந்தால், நிலையத்தில் இருப்பவர் ரிசீவரை அந்தக் கருவியின் குழிகளில் வைப்பார். கம்பி இணைப்பு கிடையாது. போனில் குரல் எழுந்ததும் கருவி தானாகவே டிரான்ஸ்மிட்டரை இயக்கும். குரல் நின்றால் அணைக்கும். நிலையத்துக்காரர் தனி ஸ்பீக்கரில் கேட்டபடி ஒலியைக் கூட்டிக் குறைத்து, பேச்சு முடிந்ததும் இணைப்பைத் துண்டிப்பார். 1966-க்குள் சுமார் 3,500 கருவிகள் விற்றன. தன் இணைப்பில் அயலார் கருவி கூடாது என்று ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனம் தடுத்தது. வழக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்குப் போய், 1968 ஜூனில் கார்ட்டருக்குச் சாதகமாக முடிந்தது. அயலார் செய்த ஃபேக்ஸும் மோடமும் தொலைபேசிக் கம்பியில் ஏற வழிவிட்டது இந்தத் தீர்ப்புதான்.

வியட்நாம் போர்க்காலத்தில் ‘ஹாம்’ எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள் படைவீரர்களின் குரலை அவர்கள் வீட்டுப் போனோடு இணைத்தார்கள். அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் வீட்டு நிலையமும் இதைச் செய்தது. மகனிடம் பேசும் தாயும் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ‘ஓவர்’ சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஹாம் சுவிட்சை மாற்றுவார்.

இணையம் வந்தபின் அந்தச் சுவிட்ச் கணினியின் கைக்குப் போனது. கனடாவில் டேவிட் கேமரன் 1997-இல், ஹாம் ரேடியோ நிலையங்களை இணையம் வழியே இணைக்கும் ஐ.ஆர்.எல்.பி. வலையமைப்பைத் தொடங்கினார். முதலில் பயன்படுத்திய விண்டோஸ் மென்பொருள் அடிக்கடி முடங்கியதால் லினக்ஸுக்கு மாறினார். ரேடியோவில் அலை வருகிறதா என்று பார்த்து டிரான்ஸ்மிட்டரை இயக்க ஒரு சிறு மின்பலகையும் சேர்ந்தது. குரலை வைத்து ஊகிப்பதைவிட இது நம்பகமானது. 2002-இல் வந்த எக்கோலிங்க், ரேடியோவே இல்லாத ஹாமையும் கணினி வழியே பேசவைத்தது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதிய ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருளோடு ஜிம் டிக்சன், ரேடியோ ஒலியை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டரை இணைத்தார்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் பொதுவான ரேடியோ இணைப்பு இல்லாதது உயிர்ப்பிரச்சினையானது. ஒவ்வொரு துறையின் ரேடியோவையும் ஒரு கேட்வேயில் இணைத்து, ஒலியை ஐ.பி. பொட்டலங்களாக்கி, போனுக்கும் கணினிக்கும் சேர்த்தே அனுப்பும் கருவிகளில் அதன்பின் கவனம் கூடியது. அவற்றிலும் ஒரு தொல்லை உண்டு. வழியில் தாமதம் ஏற்படுவதால், பொத்தானை அழுத்திய உடனே பேசினால் முதல் சொல் காணாமல் போகும்.

செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜி.பி.பி. அமைப்பு 2016-இல் இறுதி செய்த தரநிலை, செல்பேசி வலையமைப்பிலேயே அழுத்திப் பேசும் வசதியை வகுத்தது. அதில் பொத்தான் நேரே டிரான்ஸ்மிட்டரை இயக்குவதில்லை. பேச அனுமதி கேட்டு சர்வருக்குச் செய்தி அனுப்புகிறது. அவசர அழைப்பு வந்தால், பேசிக்கொண்டிருப்பவரின் முறையைப் பறித்து, அவசரமாக அழைத்தவருக்கு சர்வர் தரலாம்.